நீலம் கலந்த கஞ்சி

புதிதாக வந்த சலவைக்காரர் கேட்காமலே என் சட்டைகளுக்குக் கஞ்சி போட்டுக் கொண்டுவந்துவிட்டார். மூட்டையைப் பிரித்ததும் லேசான புளிப்போடு அந்த வாடை வந்தது. வாத்தியார் என்றால் சட்டை விறைப்பாக நிற்க வேண்டும் என்று நினைத்திருப்பார், பாவம். எல்லாவற்றையும் தண்ணீரில் அலசிக் கொடியில் போட்டேன். அலசி முடிக்கும் வரை உன் நினைப்புதான்.

உன்னை 'நீ' என்று சொல்வது எனக்கு இதுதான் முதல் தடவை. உன் அப்பாவை என் அப்பா 'ஆண்டே' என்பார், உன்னைச் 'சின்னாண்டே' என்பார். பட்டணத்தில் ஒரே அறையில் இருந்த நாளெல்லாம் உன்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல், கூப்பிடாமலே ஓட்டிவிட்டேன். இப்போது நீ செத்து, படமும் திறந்தாயிற்று. இனிமேல் என்ன மரியாதை வேண்டிக்கிடக்கிறது.

அந்த அறைக்கு நான் வந்ததே உன் கஞ்சத்தனத்தால்தான். உத்திரமேரூரில் உங்களுக்கு அரிசி மில் இருந்தது, ஏரிப் பாய்ச்சலில் நல்ல நிலம் இருந்தது. இருந்தும் ஹாஸ்டல் சாப்பாட்டுக்குக் காசு கட்ட உனக்கு மனம் வரவில்லை. சின்ன அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, மில்லிலிருந்து அரிசி மூட்டையை வரவழைத்தாய். சமைக்க ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் கொடுக்கக் கூடாது. சர்க்கார் உதவித்தொகை வந்ததா என்று கேட்டு நான் காலேஜ் ஆபீஸ் வாசலில் தினமும் நிற்பதைப் பார்த்து வைத்திருந்தாய். வாடகை வேண்டாம், பொங்கிப் போட்டு, துணி துவைத்தால் போதும், பகலில் ஒரு வேளைச் சோறும் உண்டு என்றாய்.

ஊரில் உன் வீட்டு வாசற்படியை மிதிக்க முடியாதவன் நான். என் கையால் வடித்த சோற்றை இரண்டு வருடம் நீ தின்றாய். ஐயர் மெஸ்ஸில் சாப்பிடுவதாக வீட்டுக்குக் கடிதம் எழுதினாய். "ஊர்ல மட்டும் வாயத் தொறந்துடாதே" என்று எனக்கும் சொல்லி வைத்தாய். காசு மிச்சமாகிற இடத்தில் தீட்டு உனக்கு மறந்துபோகும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

உன் சிக்கனத்தைப் பற்றி இன்றைக்கும் கதை கதையாகச் சொல்கிறார்கள். சொல்பவர்களுக்கு அது எப்படி நடந்தது என்று தெரியாது. பேனாவுக்கு மை காலேஜ் ஆபீஸ் மைக்கூட்டிலிருந்து. பேப்பர் படிக்க சலூன் பெஞ்சு. ஆனால் முடி வெட்டிக்கொள்ள மட்டும் அந்த சலூனில் உட்கார மாட்டாய். ஊருக்குப் போகும்வரை காத்திருப்பாய். ஊர் நாவிதருக்குக் களத்தில் நெல் அளந்துவிடுகிறார்கள், கையிலிருந்து காசு போகாது அல்லவா. சாயங்காலம் ஆனால் பட்டணத்தில் இருக்கும் மாமா வீடு, பெரியம்மா வீடு என்று முறை வைத்து நலம் விசாரிக்கக் கிளம்பிவிடுவாய். நலம் விசாரித்த வாய் ஏப்பம் விட்டுக்கொண்டு திரும்பிவரும். இதற்கெல்லாம் பெயர் சிக்கனம் என்றால், அடுத்தவன் சட்டைப் பையில் கை விடுவதற்கு என்ன பெயர்?

நானும் காசை மிச்சம் பிடித்தவன்தான். பஸ் ஏறாமல் நடந்தேன். புத்தகம் வாங்காமல் லைப்ரரியில் உட்கார்ந்து எழுதி எடுத்தேன். மிச்சம் பிடிக்காவிட்டால் படிப்பை விட்டுவிட்டு அப்பாவோடு அறுப்புக்குப் போக வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். உனக்கு அது விளையாட்டு.

என்னுடைய ராத்திரிச் சாப்பாடு வடிகஞ்சி. காலையில் சோறு வடித்ததும் கஞ்சியை ஒரு சட்டியில் எடுத்து மூடி வைப்பேன். நீ சொந்தக்காரர் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு, அதில் உப்புப் போட்டு, ஒரு வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடிப்பேன். அதைக் குடித்தால்தான் பாடம் மண்டையில் ஏறும். அரிசியைத்தான் நீ உன் கையால் அளந்து போட்டாய், கஞ்சிக்கு அளவு வைக்க உனக்குத் தோன்றவில்லை. அதை நான் பெரிய அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதுவும் உன் கண்ணில் பட்டுவிட்டது. நான் துவைத்த சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுத் தரும் சலவைக்காரர், கஞ்சி போடத் தனியாகக் காசு கேட்டாராம். நீ நேராக வந்து சட்டியின் மூடியைத் திறந்தாய்.

"இன்னாடா, இத்தினி கஞ்சி சும்மா கெடக்குது. சட்டைக்குப் போட்டுக்கலாமே."

அது என் ராத்திரிச் சாப்பாடு என்றேன். அந்த அறையில் நான் எதிர்த்துச் சொன்ன ஒரே சொல் அதுதான். நீ கோபப்படக்கூட இல்லை, சிரித்தாய்.

"சட்டைய முக்கி எடுத்துக்கினு மீதிய நீ குடி. சட்டை இன்னா, கஞ்சிய குடிச்சிடவா போவுது?"

என்னை அடித்திருந்தால் மறந்திருப்பேன். அந்தச் சிரிப்பை மறக்க முடியவில்லை. அதற்குப் பிறகு சட்டை நனைப்பதற்கு முன்னால் ஒரு லோட்டா கஞ்சியைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்வேன். உன் சட்டைகள் நன்றாக வெளுத்து, தகரம் போல விறைத்து நின்றன. காலேஜில் எல்லாரும் உன்னை ஜோர் என்றார்கள்.

பல்கலைக்கழகப் பரீட்சைக்கு முதல் நாள் சாயங்காலம் லைப்ரரியிலிருந்து தலைசுற்றலோடு வந்தேன். அறை இருட்டாக இருந்தது. லோட்டாவை எடுத்து மூச்சுவிடாமல் குடித்தேன். வாய் கசந்தது. வாசலுக்கு வந்து பார்த்தால் லோட்டா முழுக்க நீலம். சட்டை இன்னும் வெளுப்பாக வேண்டும் என்று, நான் ஒதுக்கி வைத்திருந்ததிலும் நீலத்தைக் கரைத்திருந்தாய். மறுநாள் பரீட்சை ஹாலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பேப்பர் போனால் உதவித்தொகை போகும், உதவித்தொகை போனால் படிப்பே போகும். எப்படியோ எழுதினேன், தட்டுத்தடுமாறிப் பாஸும் செய்தேன். நீ என் நாக்கின் நிறத்தைச் சொல்லிச் சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்தாய். காலேஜ் விடும்வரை என் பெயர் நீலகண்டன்.

உன் அறை இல்லாவிட்டால் நான் பி.ஏ. ஆகியிருக்க மாட்டேன். அது உண்மை. அதற்காக உனக்கு நன்றி சொல்லிவிட வேண்டும் என்று சில நாள் நினைத்ததும் உண்டு. நீ மில்லை நடத்த ஆரம்பித்த பிறகு அந்த நினைப்பும் ஓடிவிட்டது.

அரிசித் தட்டுப்பாடு வந்த வருடம். உன் மில்லில் நெல் அவிக்கிற பெண்கள் கூலியோடு ஒரு படி நொய் சேர்த்துக் கேட்டார்கள். அவர்களில் என் சின்னம்மாவும் ஒருத்தி. நீ விறைத்த சட்டையோடு களத்தில் வந்து நின்றாயாம்.

"நானே கஞ்சி குடிச்சிக்கினு காலேஜ் படிச்சவன். உங்களுக்கு இன்னா கொறச்சல்? வயித்தக் கட்டப் பயகுங்க."

சின்னம்மா அன்று சாயங்காலம் நேராக என் வீட்டுக்கு வந்தாள். "நீ குடிச்ச கஞ்சியதான அந்த ஆளு தன்னுதுன்னு சொல்லிக்கினு கீறான்?" என்று கேட்டாள். அவளிடம் மட்டும் எப்போதோ சொல்லியிருந்தேன். ஆமாம் என்றேன். என் கஞ்சியைப் பறித்தது போதாமல், நான் பட்ட பசியையும் உன் பேருக்கு எழுதிக்கொண்டாயே என்று அன்றைக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அதற்குப் பிறகு எந்த மேடை ஏறினாலும் உனக்கு அந்தக் கஞ்சிதான் பேச்சு. கேட்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நொய் மட்டும் யாருக்கும் கிடைக்கவில்லை.

போன மாதம் மாரடைப்பு வந்து நீ போய்விட்டாய். பதினாறாம் நாள் முடிந்து மில் களத்தில் படத்திறப்பு. கூடப் படித்தவன் என்று என்னையும் பேசக் கூப்பிட்டார் உன் அண்ணன். இனி மில் அவர் கையில். கஞ்சி குடித்துப் படித்த கதையை வாத்தியார் வாயால் சொன்னால் கூலிக்காரர்களுக்குப் புத்தி வரும் என்று என்னிடமே சொன்னார். முன்வரிசையில் உன் சொந்தக்காரர்கள் நாற்காலியில். பின்னால் நெல் அவிக்கிற அண்டா ஓரம் சின்னம்மாவும் மற்றப் பெண்களும் நின்றுகொண்டிருந்தார்கள்.

நான் நீளமாகப் பேசவில்லை. அந்த அறையில் கஞ்சி இருந்தது உண்மை என்றேன். சோறு வடித்தவன் நான், கஞ்சி குடித்தவனும் நான், அவர் சோறு சாப்பிட்டார், கஞ்சியைச் சட்டைக்குப் போட்டுக்கொண்டார் என்றேன்.

நான் பட்டினி கிடந்ததைக் கேட்டு முன்வரிசையில் ஒரு தலைகூட அசையவில்லை. என் கையால் நீ சாப்பிட்டாய் என்றதும்தான் அவர்கள் முகம் செத்துப்போயிற்று. உன் பெரியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள், தான் சாப்பிட்டது போல. இத்தனை வருடம் கழித்து உன் குடும்பத்துக்கு வயிற்றைப் புரட்டியது அதுதான். பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. சின்னம்மாவுடையது. உன் படத்துக்கு எதிரே நின்று அடக்காமல் சிரித்தாள்.

நொய் இன்னும் கிடைக்கவில்லை, பெண்கள் திரும்பவும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் கஞ்சிக் கதையைச் சொல்லி அவர்கள் வாயை அடைக்க உன் அண்ணனால் முடியவில்லை. பேச்சை எடுத்தாலே யார் வடித்தது என்று கேட்கிறார்களாம்.

என் வீட்டில் இப்போது இரண்டு வேளையும் உலை கொதிக்கிறது. ஆனாலும் சோறு வடித்ததும் ஒரு லோட்டா கஞ்சியை என் மனைவி எடுத்து வைக்கிறாள். உப்புப் போட்டுக் குடிக்கிறேன், எனக்குப் பிடிக்கும். குடிப்பதற்கு முன்னால் லோட்டாவை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து நிறத்தைப் பார்த்துவிடுகிறேன்.