வெண்புள் ஏரியில் பறை கொட்டற்க

வாழிய நலம். மூங்கிற்கொடி உயர்த்திக் கழி பன்னிரண்டும் கரை நூறும் காக்கும் தண்கழி நாட்டு வேந்தன் நன்முகைக்கோ விடுக்கும் ஓலை; வெண்புள் ஏரிக்கரையில் படையோடு தங்கியிருக்கும் ஏனாதி விடங்கனார் காண்க. உம் வலிமை ஓங்குக. உம் வீரர் உண்ணும் நீர் தெளிந்திருப்பதாக. ஏரியின் மேல் பனி மெல்ல இறங்குவதாக.

ஏரிக்காவல் பூண்ட கொற்றி அரச ஆணையை மீறினாள் என்றும், பறவைகளை ஓட்டப் பறையோடு சென்ற வீரரை மடைவாயிலில் மறித்துப் படகு தள்ளும் நெடுங்கோலை ஓங்கினாள் என்றும், அவளைக் கட்டிக் கொணர ஒப்புதல் வேண்டும் என்றும் நீர் எழுதியது கண்டோம். உண்மை அறிந்துவர எம் மருத்துவரை விடுத்தோம். அவர் கேட்டுவந்ததைச் சொல்லாமல் ஆணை மட்டும் இடுவது முறையன்று.

வடமலை கடந்து வலசைப் புள் வந்திறங்கும் முதல் நாளில், அவ்வேரிக் குடிகள் தத்தம் வாத்துகளின் காலில் மஞ்சள் நூல் கட்டி, வந்த விருந்தை எதிர்கொள்ள நீரில் விடுவது தொன்றுதொட்ட வழக்கம். இவ்வாண்டும் கொற்றி தன் இருநூறு வாத்துகளை விட்டாள். வானத்தவை எவை, வீட்டவை எவை என்று பிரித்தறிய இயலாதபடி வெண்பனிக்குள் அவை கலந்து மிதந்ததைக் கண்டு, பொழுது சாயும்வரை கரையிலேயே அமர்ந்திருந்தாளாம். அந்த அழகில் மயங்காதவர் யார்? யாமும் இளமையில் அங்கே அமர்ந்து, உண்ணவும் மறந்திருக்கிறோம்.

ஐந்தாம் நாள் அவள் வாத்துகள் கழுத்துத் திருகி, நீரில் வட்டமிட்டு வட்டமிட்டு மாண்டன. நாரைகளிலும் சில சரிந்தன. காட்டு வாத்துகளோ நோயைச் சுமப்பதே அறியாதவை போல் மேய்ந்தன, உறங்கின. எல்லாவற்றின் எச்சமும் கலந்த ஒரே நீரில்தான் தன் வாத்துகளும் இரைதேடின என்பதை எண்ணியபோது, தான் செய்த உபசாரமே வினையாயிற்று என்று அவளுக்கு விளங்கிற்று. எஞ்சியவற்றைத் தன் கையாலேயே கொன்று, சுண்ணாம்பிட்டுப் புதைத்தாள். நெஞ்சு பொறுக்காமல் அழுதாள். வந்த பறவைகளை மட்டும் அவள் ஏசவில்லை.

யாம் செய்தது என்ன? செய்தி கேட்ட வேகத்தில், முன்பின் எண்ணாமல், ஏரிதோறும் பறை கொட்டிப் புள்ளினத்தை ஓட்டுக என்றோம். அதற்குக் கொற்றி உம் வீரரிடம் மொழிந்தது இது: "விரட்டினால் இவை வடமலைக்கா திரும்பும்? அடுத்த ஏரியில் இறங்கும். நோயும் கூடவே இறங்கும். இவற்றை இருக்கவிட்டு, நம் கோழியையும் வாத்தையும் கூட்டில் அடையுங்கள்." இதைத் திமிர் என்று எழுதினீர். தெற்கே மருதேரியில் எம் ஆணை சிறிதும் வழுவாது நிறைவேறியது. அங்கிருந்து எழுந்த பறவைகள் ஏழு ஊர்க் குளங்களில் இறங்கின. பத்தே நாளில் அவ்வூர்களில் விடியலைக் கூவிச் சொல்ல ஒரு சேவல் இல்லை. பிழை எம்முடையது. அதைச் சொல்ல நாணுகிறோம், ஆயினும் சொல்கிறோம்.

மற்றொன்றும் அறிக. உம் வீரர் சென்ற அன்றே அவள் உடல் காய்ச்சலில் கொதித்திருந்தது. மாண்ட வாத்துகளைத் தொட்ட கையோடு இருப்பவள், தன் மூச்சு அவர்கள்மேல் படலாகாது என்றே கோலை நீட்டி அகல நிறுத்தியிருக்கிறாள்.

ஆகலின், பறைகள் கட்டிவைக்கப்படுக. பங்குனியில் பறவைகள் தாமே எழுந்து போகுமளவும் எவரும் அவற்றை எழுப்பற்க. ஊர்தோறும் கோழியும் வாத்தும் கூட்டில் அடைபடுக; மஞ்சள் நூல் வழக்கம் இன்றோடு நிற்க. கொற்றியை எவரும் கட்டற்க; அவளுக்குக் கஞ்சியும் மருந்தும் மடைவாயிலில் வைத்து விலகி நிற்க. இவ்வோலையை அவள் செவி கேட்கத் தொலைவிலிருந்து உரக்கப் படித்து, அக்கரையிலேயே எரித்துவிடுக. நோயுள்ள கரைக்கு வந்த ஏடு நகர் திரும்பலாகாது.

மூங்கில் இலச்சினை பொறித்தோம். இது கோவின் ஆணை.

இனி ஒரு வேண்டுகோள். நாள்தோறும் காலையில் அவள் குடிலில் அடுப்புப் புகை எழுகிறதா என்று மட்டும் எமக்குச் சொல்லியனுப்புக. எழுந்தது என்று கேட்டபின் யாம் உண்போம்.