விருந்துக்கு வளர்த்த முயல்

அன்பு மகள் ரொஸ்தீக்காவுக்கு, அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையில் லெம்பாங்கில் நானும் அப்பாவும் சுகம், மழையும் சுகம், கூரை மட்டும்தான் ஒழுகுகிறது. தைவான் குளிரில் நீயும் நீ பார்த்துக்கொள்ளும் அந்த அம்மாளும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். போனிலேயே சொல்லியிருப்பேன், நேற்று சொல்ல ஆரம்பித்தேனே, சிரிப்பு முட்டிக்கொண்டு வந்து பேச்சே நின்றுவிட்டது, நீயோ என்னம்மா அழுறியா என்று பதறினாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் யயாட்டின் அப்பாவும் அம்மாவும் காரூத்திலிருந்து வந்தார்கள். உன்னைக் கேட்டு வார்த்தை வைத்தார்களா இல்லையா என்பதை வரிசையாகத்தான் சொல்வேன், கடைசிக்குத் தாவாதே.

அவர்கள் வருவதாகப் போன் செய்த அன்று யயாட்டின் அப்பா, பொண்ணு விஷயம் ஒரு பக்கம் இருக்கட்டும் உஜு அண்ணே, உங்க கையால முயல் சாத்தே தின்னு எவ்வளவு காலமாச்சு, அதுக்காகவே வர்றேன் என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், உன் அப்பாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. குச்சியில் குத்திக் கறி சுட்ட அந்தச் சாத்தே வண்டியை விற்ற பிறகு அவரை யார் அப்படிக் கேட்டார்கள்? கடையில் வாங்கிய கறி சம்பந்திக்கு ஆகாது, நானே வளர்த்துப் போடுவேன் என்று சொல்லிச் சந்தையிலிருந்து ஒரு சாம்பல் நிறக் குட்டியைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். உள்ளங்கையில் அடங்கிவிடும், மூக்கு மட்டும் ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கும். பெருநாள் முடிந்து அவர்கள் வருவதற்குள் கொழுத்துவிடும் என்று கணக்கு. எனக்குச் சட்டம் வேறு போட்டார், பேரு வைக்காத, மடியில வைக்காத, பேரு வச்சா கத்தி இறங்காது என்று. ஆயுசு பூராவும் முயல் சுட்டு உன்னைப் படிக்க வைத்தவர், அவருக்குத் தெரியாததா என்று நானும் தலையாட்டினேன்.

கொழுக்க வைப்பது என் வேலை. நம்மைப் பற்றித்தான் தெரியுமே, சுந்தாக்காரியைத் தோட்டத்தில் அவிழ்த்துவிட்டால் போதும் சோறு போட வேண்டாம் என்று ஜாவாக்காரர்கள் கேலி செய்வார்களே, நாம் சம்பலில் தொட்டுத் தின்கிற பச்சைத் தழைகளைத்தானே முயலும் தின்னும் என்று நினைத்துவிட்டேன். ராத்திரி சாப்பாட்டுக்கு வைத்திருந்த லாலாப் தழைத் தட்டை அப்படியே கூட்டுக்குள் தள்ளினேன். துளசி வாசக் கெமாங்கி, புதினா, முட்டைக்கோஸ், பச்சை மணத்தக்காளிக்காய், எல்லாம் கழுவின தண்ணீர் சொட்டச் சொட்ட. விருந்தாளியை உபசரிக்கிற மாதிரி இன்னும் கொஞ்சம் எடுத்துக்க, வெக்கப்படாத என்று பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டினேன். அதுவும் வெட்கப்படவில்லை. விடிந்து பார்த்தால் வயிறு பந்தாக உப்பி, கழிச்சல் தண்ணீராகப் போய், காதைக்கூட அசைக்காமல் மூலையில் சுருண்டு கிடக்கிறது. அப்பாவைக் கூவிக் கூப்பிட்டேன்.

அப்பா வந்து தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தாய்ப்பாலு மறந்து நாலு நாளாகல, அதுக்குப் போய் முட்டைக்கோஸா, சம்பலையும் வச்சிருக்க வேண்டியதுதானே என்று கத்தினார் பார், பக்கத்து வீட்டு ஒனி கரண்டியோடு ஓடிவந்துவிட்டாள். அப்புறம் என்ன செய்தார் தெரியுமா, அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். மடியில்! காய்ந்த புல்லும் தண்ணீரும் தவிர எதுவும் கூடாது என்று சொல்லிவிட்டு வயிற்றை மெல்ல மெல்ல நீவிக்கொண்டே இருந்தார், தனக்கு வைத்த சோற்றைத் தொடவில்லை. செத்தா இன்னொண்ணு வாங்கினா போச்சு, சாத்தேக்குத்தானே என்று நான் வாயைக் கிண்டிப் பார்த்தேன். ஒரு பார்வை பார்த்தார், நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். மறுநாள் என்னை ஏலம் போடுகிற மாதிரி கூப்பிட்டார், ஓடினால் உள்ளங்கையில் நாலைந்து புழுக்கை வைத்துக்கொண்டு நிற்கிறார், பாரு எந்தின், உருண்டையா, கெட்டியா, எவ்வளவு அழகா இருக்கு பாரு என்று. கல்யாணத்துக்கு அவர் போட்ட தோட்டைக்கூட இவ்வளவு பெருமையாகக் காட்டவில்லை.

அன்றிலிருந்து இந்த வீட்டில் முயல் ராஜ்யம். தழையைக் கழுவி உதறி, ஈரம் போகத் துணிக்கொடியில் கிளிப் மாட்டிக் காயப்போடுகிறார். என்ன அண்ணே, புதினாவுக்கு வெளுப்பு போட்டீங்களா, நீலம் போட்டீங்களா என்று ஒனி வேலிக்கு மேலே எட்டிக் கேட்கிறாள். புதுத் தழை எதுவானாலும் முதலில் ஒரே ஒரு இலை, மறுநாள் புழுக்கையைப் பார்த்த பிறகுதான் அடுத்தது. அப்படித்தான் கெமாங்கி தேறியது, பிறகு மல்லித்தழை, பிறகு வாடவிட்ட கேரட் தழை. முட்டைக்கோஸுக்கும் மணத்தக்காளிக்கும் வாசற்படி மிதிக்க அனுமதி இல்லை. என் தட்டில் இருக்கிற கெமாங்கிக் கொழுந்தையும் கிள்ளிக்கொண்டு போய்விடுகிறார், கேட்டால், உனக்குத்தான் பல்லு இருக்கே, தண்டைத் தின்னு என்கிறார். கெமாங்கி வாசம் பட்டதும் அது வாசலில் ஓடி அந்தரத்தில் எகிறி ஒரு முறுக்கு முறுக்கி விழும், அதைப் பார்த்து மனிதர் வாயைத் திறந்து சிரிப்பார். நீ விமானம் ஏறின பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவே இல்லை, அதை உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன்.

சம்பந்தி வருவதற்கு முதல்நாள் கத்தியைத் தீட்டினார். நான் பார்க்க மாட்டாமல் ஒனி வீட்டுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தால் அந்தக் கத்தியால் புல் அறுத்து வைத்திருக்கிறார். வேறு முயல் வாங்கி வருகிறேன் என்று மோட்டார் சைக்கிளில் சந்தைக்குப் போனார், வந்தது கோழியும் ஒரு கட்டு கெமாங்கியும். சந்தையில ஒரு முயலும் சரியில்ல, எல்லாம் எலும்பும் தோலும் என்கிறார். காலையில்தான் நான் சந்தையில் பார்த்தேன், ஒவ்வொன்றும் தலையணை மாதிரி உட்கார்ந்திருந்தது. வாயைத் திறந்த, உன்னைச் சாத்தே போட்டுடுவேன் என்று சொல்லிவிட்டுக் கோழியை முயல் மசாலாவில் ஊறப் போட்டார். முயலுக்காகவே வருகிற மனிதர், ஏமாந்தது தெரிந்தால் உன் காரியம் என்ன ஆகும்?

வந்தார்கள், உட்கார்ந்தார்கள், யயாட்டின் அப்பா முதல் குச்சியை இழுத்துக் கண்ணை மூடிக்கொண்டு, இதுதாங்க முயல், கோழியெல்லாம் இதுக்குக் கிட்ட வர முடியுமா என்றார். நான் தொடையைக் கிள்ளிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்துக் கூட்டை யார் சரியாகச் சாத்தவில்லையோ, நம் விருந்தாளி பாயில் தத்தித் தத்தி வந்து, கடலைக் குழம்பைச் சுற்றிக்கொண்டு, நேராக லாலாப் தட்டுக்குப் போய் முட்டைக்கோஸை மூக்கால் ஒதுக்கிவிட்டு, யயாட்டின் அம்மா கைக்கு அடியிலிருந்து கெமாங்கியை உருவியது. இது யாரு என்று அந்த அம்மாள் கேட்டார்கள். உன் அப்பா பட்டென்று, எங்க நெங் என்று சொல்லிவிட்டார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. நெங் என்று செல்லமாக இந்த வீட்டில் உன்னைத்தானே கூப்பிடுவார், அந்தச் சொல் உன்னோடு விமானம் ஏறிவிட்டது என்று நினைத்திருந்தேன், இவர் கொல்லைப்புறத்தில் தழையை வைத்துக்கொண்டு தினமும் கூப்பிட்டிருக்கிறார். யயாட்டின் அப்பா கையிலிருந்த குச்சியைப் பார்த்து, அப்ப நான் தின்னது என்று இழுத்தார். கோழி, வெட்டணும்னுதான் வளத்தேன், கை வரல, மன்னிச்சிருங்க என்றார் அப்பா. நான் மனதுக்குள் பிஸ்மில்லா சொல்லிக்கொண்டிருந்தேன். யயாட்டின் அம்மா தட்டிலிருந்து இன்னொரு கெமாங்கியை எடுத்தார்கள், அதில் ஒட்டியிருந்த தண்ணீரை முக்காட்டு நுனியால் ஒற்றி எடுத்துவிட்டு முயலுக்கு நீட்டினார்கள். பிறகு புருஷனைப் பார்த்து, ஒரு முயலையே விட்டுக் குடுக்க முடியாத மனுசன்கிட்ட பொண்ணை எப்படிங்க கேக்கறது என்றார்கள். அவர் சிரித்த சிரிப்பில் குச்சி கையை விட்டு விழுந்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. கேளுங்க, கேட்டாக் குடுப்பேன், ஆனா அப்பப்ப கூட்டிட்டு வந்து கண்ணுல காட்டணும் என்று சொல்லிவிட்டு முகத்தைத் தோள் துண்டில் துடைத்துக்கொண்டார். கேட்டார்கள் மகளே. வார்த்தை வைத்தாயிற்று. சாத்தேயும் ஒன்று மிச்சமில்லை.

யயாட்டிடம் நீயே சொல், அவன் அம்மா சொல்வதற்கு முன்னால் சொல். காலுறை போடாமல் தரையில் நடக்காதே, அந்த அம்மாளுக்கு ஊட்டிவிட்டு நீ பட்டினி கிடக்காதே, வெள்ளிக்கிழமை மறக்காமல் போன் பண்ணு. நோயில்லாமல், மனக்கவலை இல்லாமல், இரண்டு பேரும் சேர்ந்து எங்கள் வாசல் வந்து சேர அல்லாஹ் துணை. சீக்கிரம் வந்து உன் பெயரைத் திரும்ப வாங்கிக்கொள், இல்லாவிட்டால் நீண்ட காது வைத்த ஒருத்திக்கு அது நிரந்தரமாகிவிடும்.

இப்படிக்கு,
உன் அம்மா எந்தின்

உறைக்குள் ஒரு கெமாங்கி இலை இருக்கும், அப்பா வைத்தது. ஈரம் போக வாட்டித்தான் வைத்திருக்கிறார், நெங்குக்கு வயிறு கெடாது என்கிறார்.