பிரஷை இனித் தரமாட்டேன்

இன்று காலையில் அலங்காரப் பெட்டியைத் திறந்தபோது உன்னுடைய மஸ்காரா டியூப் கையில் தட்டுப்பட்டது. மூடியைத் திருகினேன். உள்ளே மை காய்ந்து கட்டியாகிவிட்டது. ஆனாலும் அந்த மெழுகு வாடை வந்தது. மேலே ஒட்டிய பிளாஸ்டர் துண்டில் உன் கோணல் எழுத்து: திறந்த திகதி, அதற்குக் கீழே "மூணு மாசத்தில வீசு". நீ கண்ணை மூடி இரண்டு வருடம் ஆகிறது, நான் இன்னும் வீசவில்லை. நீ இருந்தால் அதற்கே ஏசியிருப்பாய்.

இன்று சாய்ந்தமருதில் ஒரு கலியாணம். இத்தா முடிந்து நான் போகிற முதல் கலியாணம். உனக்குத் தெரியாதே, என்னுடைய அவரும் மௌத்தாகிவிட்டார். நாலு மாசமும் பத்து நாளும் இத்தாவில் வீட்டுக்குள் இருந்தேன். அது கடமை, இருந்தேன், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. முடிந்ததும் பெட்டியைத் தூக்கினேன். நேற்றுப் பொண்ணின் உம்மா போன் எடுத்தார். "கோவிக்காதங்க ராத்தா. எல்லாம் நீங்களே செய்ங்க. இமைக்கு மட்டும் எங்கட தங்கச்சி போடட்டும். மாப்பிள்ள ஊட்டாக்கள் என்னவும் செல்லுவாங்க." நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. போனை வைத்த பிறகு எனக்கு வந்த ஆத்திரம் முழுக்க என் மேலேயே இருந்தது.

இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தெரியும். முந்தி நம் பக்கம் சில வீடுகளில் பொண்ணின் கண்ணுக்கு முதல் சுருமா மையைப் புருஷனோடு வாழ்கிறவள்தான் இழுக்க வேண்டும். சுருமா போய் மஸ்காரா வந்தது. வழக்கம் மட்டும் போகாமல் பிரஷில் வந்து ஒட்டிக்கொண்டது. பவுடர் பூசலாம், கொண்டை போடலாம், முக்காட்டுக்கு ஊசி குத்தலாம். விதவையும், புருஷன் விட்டுப் போனவளும் இமையை மட்டும் தொடக்கூடாதாம்.

உன்னைப் புருஷன் விட்டுப் போனவள் என்றுதான் ஊர் சொன்னது. அதைக் கேட்டால் நீ சிரிப்பாய். "ஊடு என்ட. பெட்டியத் தூக்கிக்கிட்டுப் போன அவரு. அப்ப ஆருகா ஆர விட்ட?" சீதன வீடு பெண்ணின் பெயரில் இருப்பதால் இவ்வளவு பலன் கண்டவள் எனக்குத் தெரிந்து நீ ஒருத்திதான். அவர் சாய்ந்து கிடந்த முன் அறையில் இரண்டு கண்ணாடியை மாட்டி, என்னையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு தொழிலைத் தொடங்கினாய். நீ ஸ்கூட்டி ஓட்ட, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான் பின்னால் இருப்பேன். சந்தியில் நிற்பவர்கள் முறைத்தால் வேண்டுமென்றே ஹோர்ன் அடிப்பாய்.

என் முதல் பொண்ணுக்கு நான் ஆடிய கூத்து நினைவிருக்கிறதா? பிரஷை டியூபுக்குள் குத்திக் குத்தி எடுத்தேன். "என்னகா, நெல்லா குத்துற? காத்துப் போனா மை காயும். உள்ளுக்க சுத்தி எடு" என்றாய். மஸ்காரா போட்ட பிறகு இமை முடியைக் கிளிப்பால் வளைக்கப் போய், மூன்று மயிர் முறிந்து கையோடு வந்தது. வளைப்பது முதலில், மை பிறகு என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பொண்ணின் மடியில் கண்ணாடியை வைத்துக் கீழே பார்க்கச் சொல்வது உன் கண்டுபிடிப்பு. "கீழ பாக்கிற கண்ணு சிமிட்டாது." பிரஷில் வழிகிற மையை டிசுவில் ஒற்றிவிட்டு, இமையின் அடியில் வைத்து மெல்ல அசைத்து மேலே இழுக்க வேண்டும். இரண்டு தரம் போதும், மூன்றாவது தரம் போட்டால் சிலந்திக் கால். ஒரு பொண்ணுக்குப் போட்ட பிரஷ் இன்னொரு பொண்ணின் கண்ணுக்குப் போகவே கூடாது.

பொண்ணு அழுவாள் என்று தண்ணீரில் கரையாத மஸ்காராவைத்தான் எல்லோரும் வாங்குவார்கள். நீ மாட்டேன் என்றாய். "தொழுற புள்ளைக்கி கழுவினாப் போறதப் போடு. வுழூத் தண்ணி இமையில படோணும்." பின்னேர அசர் தொழுகைக்குப் பொண்ணு முகம் கைகால் கழுவி வுழூ எடுத்த பிறகுதான் நீ பிரஷையே தொடுவாய். முகத்தை மூடி நிக்காப் போடுகிறவளுக்குக் கீழ் இமையில் மை வைக்க விடமாட்டாய். துணியின் விளிம்பு உரசும், மூச்சுச் சூடும் மேலே ஏறிக் கன்னமெல்லாம் கறுக்கும். நீயும் நிக்காப் போட்டவள்தானே. மூடிக்கொண்டு போகிறவளுக்கு மஸ்காரா எதற்கு என்று கேட்டவர்களிடம், "கண்ணு மட்டும்தான் வெளிய இரிக்கி, அதயாவது ஒழுங்கா வெச்சிக்கிறன்" என்றாய்.

இனி அந்த மருதமுனைக் கலியாணத்தின் கதைக்கு வருகிறேன். வராமல் முடியாது.

நீ பிரஷை எடுத்து நிமிர்ந்தாய். பொண்ணின் மாமி கையைக் குறுக்கே நீட்டினார். "புருஷன் இல்லாதவ கண்ணுல கை வெக்கிறல்ல."

"எந்தக் கிதாபுல எழுதி இரிக்கி மாமி?" என்றாய்.

மாமி என் பக்கம் திரும்பினார். "நீங்க போடுங்க புள்ள. நீங்க வாழ்ற பொம்புள."

நீயும் என்னைப் பார்த்தாய். நான் ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டும். இருவராக வந்தோம், இருவராகப் போவோம் என்று பெட்டியை மூடியிருக்க வேண்டும். நான் கையை நீட்டினேன். நீ பிரஷைத் தந்தாய்.

பிரஷ் வழுக்கி மை இமைக்கு மேலே பட்டது. பதறி விரலால் தேய்த்தேன், புருவம் வரைக்கும் கறுப்பு. வாசலில் குரவை கேட்டது, மாப்பிள்ளை வந்துவிட்டார். நீ என்னைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாய். "ஈரத்தில தேய்க்கிறல்ல, காயட்டும்" என்று சொல்லிக் காத்திருந்து, பஞ்சுக்குச்சியால் பொறுக்கி எடுத்தாய். பிறகு நீயே போட்டு முடித்தாய். மாமி பார்த்துக்கொண்டுதான் நின்றார். மாப்பிள்ளை வாசலில் நிற்கும்போது யாருக்கும் வழக்கம் ஞாபகம் வரவில்லை.

திரும்பும் வழியில் கல்முனைச் சந்தி வந்தது. அங்கே ஸ்கூட்டியை ஓரமாக்கிவிட்டு, "பிரஷத் தந்தது என்ட பிழ. இனித் தரமாட்டன்கா, நீ கேட்டாலும்" என்றாய். நான் சிரித்து மழுப்பினேன். பிறகு நீ நோயில் விழுந்து, ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே நான் இருந்த நாட்களில் மாப்புக் கேட்கலாம் என்று வாய் வரை வரும். ஒவ்வொரு தரமும் அடுத்த கலியாணத்தைப் பற்றிக் கதைத்துவிட்டு எழும்பி வந்தேன். கோழை நான்.

இன்று பொண்ணு வுழூ எடுத்து அசர் தொழுதுவிட்டு வந்தாள். பவுடர், கொண்டை, முக்காடு எல்லாம் என் கையால் முடிந்தது. பிறகு அவளுடைய சாச்சி, உம்மா சொன்ன அந்தத் தங்கச்சி, வந்து உரிமையோடு மஸ்காராவை எடுத்தாள். நல்ல பிள்ளைதான், போனில் பார்த்துப் பழகியிருக்கிறாள். டியூபுக்குள் நாலு குத்துக் குத்தினாள். அந்தச் சத்தத்தை என்னால் தாங்க முடியவில்லை. அவள் கையிலிருந்து வாங்கிவிட்டேன்.

"ராத்தா, நேத்தே சென்னேனே" என்றார் உம்மா.

"எந்தக் கிதாபுல எழுதி இரிக்கி?" என்றேன்.

யாரோ பின்னாலிருந்து, "வழக்கம்தானே" என்றார்.

"நான் தொட்டா ஆகாதெண்டா பவுடரையும் கழுவுங்க, கொண்டையையும் அவுளுங்க. அதுவும் இந்தக் கைதான் போட்ட. நான் பெட்டியப் பூட்டிட்டுப் போறன்."

சும்மா சொல்லவில்லை. சீப்பைப் பெட்டிக்குள் போட்டுவிட்டேன். இந்த வீட்டோடு என் தொழில் முடிந்தாலும் முடியட்டும் என்றுதான் நின்றேன்.

பொண்ணு தலையை நிமிர்த்தவில்லை. மடியில் கண்ணாடி இருந்தது. "நான் கீழ பாத்துக்கிட்டுத்தான் இரிக்கன் ராத்தா. போடுங்க."

உம்மா வாசலோரம் போய் நின்றார். தடுக்கவில்லை. நான் புதிய டியூபைத் திறந்தேன். அடியில் வைத்து அசைத்து மேலே இழுத்தேன். இரண்டு தரம். மை வேறெங்கும் படவில்லை.

இப்போது அந்தி மஃரிப் தொழுதுவிட்டு இதை எழுதுகிறேன். புதிய டியூபில் பிளாஸ்டர் ஒட்டித் திகதி போட்டாயிற்று. உன்னுடையது அதே பெட்டியில்தான் கிடக்கும், ஏசினால் ஏசு. மாப்புக் கேட்க வேண்டியது அன்றைக்கு, இனிக் கேட்டு என்ன? அன்று உன்னிடம் பிரஷை வாங்கியவள், இன்று என் பிரஷை ஒருவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை என்று மட்டும் சொல்ல வந்தேன். வெள்ளிக்கிழமை அட்டாளைச்சேனையில் ஒரு கலியாணம் இருக்கிறது. அவர்களும் பிரஷைக் கேட்பார்கள். தரமாட்டன்கா.