அளவு குறைந்த மூன்று துண்டுகள்

குட்டியின் அம்மாவுக்கு,

குட்டி பதினோரு நாளாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. கெடுத்தவன் நான்தான். போனில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவேன் என்று எழுதுகிறேன்.

அவள் வகுப்பில் கணக்குக்கு மேசைக்கு நாலு பேர், நாலு பேருக்கும் ஒரே பெட்டி. உள்ளே முழுசு, பாதி, மூன்றில் ஒன்று என்று மரத்துண்டுகள். ஒருத்தி அடுக்க, ஒருத்தி சரிபார்க்க, ஒருத்தன் எழுத, ஒருத்தன் எழுந்து சொல்ல வேண்டும். நான் போய்ப் பார்த்தபோது சரக்குத் தட்டுப்பாடு என்றே நினைத்தேன். மரக்கடைக்காரன் மகள் துண்டுக்கு வரிசையில் நிற்பதா என்று ரோஷம் வந்து, கடையிலேயே ஒரு பெட்டி அறுத்துக் கொடுத்தேன்.

அவள் அதை வைத்துத் தனியாகச் செய்தாள். உனக்கென்ன, நீ முதலாளி என்று மற்ற மூன்று பேரும் திரும்பிக்கொண்டார்களாம். டீச்சர் கேட்டதும் இவள் எழுந்து, மூன்று மூன்றிலொன்று சேர்ந்தாலும் ஒன்றுக்குக் குறையும் என்றிருக்கிறாள். வகுப்பே சிரித்திருக்கிறது.

அவள் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னாள். அறுக்கும்போது ரம்பம் தின்று பொடியாக்கும் மரத்துக்கு இடம் விட நான் மறந்துவிட்டேன்; மூன்று துண்டும் சேர்ந்து முழுசைவிடக் குட்டையாகிவிட்டது. இருபது வருஷமாக மரம் அறுக்கிறவன்! மேசையில் மற்றவர்களோடு சேர்ந்து அவர்கள் பெட்டியில் செய்திருந்தால் ஒருத்தியாவது உடனே கண்டுபிடித்திருப்பாள்.

இப்போது சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். கணக்கு தன் மண்டையில் ஏறாதாம், இனிப் பள்ளியே வேண்டாமாம். நேற்று முழுக்க ஒரு வாய் சோறு இறங்கவில்லை. தப்பு என் அறுப்பில் என்று காலில் விழாத குறையாகச் சொல்லிவிட்டேன். கடையில் ஒரு நாளாவது அளவு குறைவு என்று ஒத்துக்கொண்டிருக்கிறீர்களா, என்னைத் தேற்றத்தானே இந்தப் பொய் என்கிறாள். எத்தனையோ பேரிடம் பேரம் பேசியவன், ஒன்பது வயசுப் பிள்ளையிடம் தோற்று நிற்கிறேன்.

பயமாக இருக்கிறது. நீ அங்கே இரண்டு வருஷ வேலைக்குக் கையெழுத்துப் போட்டவள், வா என்று கூப்பிட மாட்டேன். கூப்பிடவும் வாய் வரவில்லை.

டீச்சரையும் அந்த மூன்று பிள்ளைகளையும் பார்த்துப் பேசி முடித்துவிட்டேன், ஒப்பந்தம் இதுதான். என் பெட்டி வகுப்புக்குள் வரக்கூடாது. நான் வகுப்பின் முன்னால் நின்று, குறைந்தது என் அளவு என்று சொல்ல வேண்டும். அவளுடைய பழைய நாற்காலி அவளுக்கே. இதைச் சொன்னதும் குட்டியும் போக ஒத்துக்கொண்டாள், ஒரே ஒரு நிபந்தனை: அப்பா சொன்னது நிஜம் என்று அம்மா போனில் சொல்ல வேண்டும். நீ சொன்ன மறுநாள் காலை போவாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

குட்டியின் அப்பா