ஏழாவது கையும் மூவாயிரம் உப்புப் பொதியும்

நலம் முன் வர, நாடு பின் வர.

தேன் கசியும் பாறைகள் பதினெட்டும் தனதாகக் கொண்டதும், எந்தப் பகையும் எளிதில் ஏறி வராததும், ஏறி வந்தாலும் மூச்சு வாங்கித் திரும்பிப் போவதுமான தேன்வரை நாட்டின் அரசி குவளைமாதேவி, நெடுங்கணவாய்க் காவல் நாயகரும், மறைந்த அரசர் சேந்தவேளின் தாய்மாமனும், திறந்த கதவை மூடுவதிலும் மூடிய கதவைத் திறவாதிருப்பதிலும் ஈடிணையற்றவருமான எழினியார் அம்மானுக்குத் தன் கையாலேயே எழுதி விடுக்கும் ஓலை. கணவாயும் காவலரும் காவல் நாய்கள் ஐந்தும் நலமாக இருக்கட்டும். அம்மானின் முழங்கால் வலி குறைந்திருக்கட்டும்.

அரச ஓலையில் எழுதுகிறவர் தம்மை ‘நான்’ என்று சொல்லிக்கொள்ளும் வழக்கமில்லை. ஆகையால் தேவி இதில் தேவியாகவே வருவாள். குறிப்பு ஏதும் கையில் இல்லை. நினைவில் நின்றதே எழுத்தாகிறது. அம்மானுக்கு மெருகு பிடிக்காது என்பதை அறிந்து, பேசியவர்களின் பேச்சு பேசியபடியே விடப்பட்டிருக்கிறது.

சுறவமுனைப் பட்டினத்து விருந்தினர் மாளிகையில், அரசரும் தேவியும் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் காலை, அரசர் சுண்ணாம்புச் சிமிழைத் தேடிக்கொண்டிருந்தார். பாயை உதறினார். தலையணையைத் தட்டினார். கூஜாவுக்குள்கூட எட்டிப் பார்த்தார்.

“இங்கதான் வெச்சேன். கடற்கரைக்காரன் எவனோ எடுத்துட்டான்” என்றார்.

“ஆறு நாடும் கூடி உங்க சுண்ணாம்புக்குத்தான் ஆசைப்பட்டுதாக்கும். இடுப்பைத் தடவிப் பாருங்க” என்றாள் தேவி.

சிமிழ் இடுப்பு மடிப்பில்தான் இருந்தது. அரசர் சிரித்துக்கொண்டே வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, கூட்டவைக்குப் போகப் படியிறங்கினார். நான்காம் படியில் உட்கார்ந்தார். இளைப்பாறுகிறார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.

அன்று மாலை கடற்கரையில் எரியூட்டினார்கள். ஆறு நாட்டாரும் வந்து தலை குனிந்து நின்றார்கள். அந்த நாளைப் பற்றி இதற்குமேல் எழுத ஓலை போதாது. போதுமானாலும் தேவி எழுதுவதற்கில்லை.

அங்கே போகவேண்டி வந்த காரணம் அம்மானுக்குத் தெரியும். ஆயினும் ஆணை பிறப்பிக்கும் ஓலையில் காரணம் இருப்பது முறை. எழுநாட்டுக் கூட்டவையில் மூன்று தலைமுறையாக நாம் ஏழாவது. மற்ற ஆறும் கடற்கரை நாடுகள். ஏழு நாட்டுக்குள்ளும் எந்தப் பொருளுக்கும் சுங்கம் கிடையாது. சென்ற ஆண்டு அவை கூடி, தேன் எந்த நாட்டுத் தேனானாலும் ஒரே வாயகலமுள்ள மண்கலத்தில்தான் சந்தைக்கு வரவேண்டும் என்று விதித்தது. மூங்கில் குழாயில் தேன் அடைப்பவர் நாம் ஒருவரே. மண்கலத்துத் தேனைத் தம் நாட்டு எறும்புகூடச் சீந்தாது என்று அரசர் அவையில் எழுந்து சொன்னார், விலகல் கேட்டார், ஆறு நாட்டாரும் உடன்பட்டார்கள்.

விலகியதற்கு மூன்று நாள் விழா எடுத்தோம். பறை முழங்கியது. அம்மான் பந்தத்தைக் கையிலேந்தி ஆடிய ஆட்டத்தை நாடே பார்த்தது. முழங்கால் வலியும் அன்றுதான் தொடங்கியது. நான்காம் நாள் சமையற்கட்டிலிருந்து ஒரு கேள்வி வந்தது. இந்த நாட்டுக்கு உப்பு எங்கிருந்து வருகிறது என்பது அந்தக் கேள்வி. விலகுமுன் அதை எவரும் கேட்டிருக்கவில்லை. தேவியும் கேட்கவில்லை.

ஆகவே உப்புக்காகப் போனோம். இனி நாம் வெளியார் என்றும், வெளியாருக்குப் பத்துப் பொதியில் மூன்று பொதி சுங்கம் என்றும் அவைத் தலைவர் வங்கனார் இரண்டு நாளும் இனிமையாகவே சொல்லிக்கொண்டிருந்தார். பட்டினத்துக் கோனான அவர் நல்லவர். மறுக்கும்போது இளநீர் கொடுத்து மறுப்பார். மூன்றாம் நாள் இப்படி ஆயிற்று. துக்கம் கழியட்டும், தை பிறந்ததும் பேசலாம் என்று அவர் மெய்யான இரக்கத்தோடு சொல்லியனுப்பினார்.

ஆனால் தை மாதத்துக்கு முன்னால் மழை இருக்கிறது. மழை பிடித்தால் கணவாயில் மாடு ஏறாது. சென்ற ஆண்டின் கடைசி மாதத்திலேயே கொட்டிலில் மாடுகள் சுவரை நக்கத் தொடங்கியதை அம்மானும் பார்த்திருக்கிறீர்கள். பிள்ளைகள் கூழைத் தள்ளிவிட்டு அழுததைத் தேவி பார்த்தாள். எனவே ஐந்தாம் நாள் காலை அவள் தனியாக அவைக்குப் போனாள்.

அரசருக்கு ஓலை படித்தால் கொட்டாவி வரும். கூட்டவையின் விதிகளை அவருக்காகப் பலமுறை படித்தவளும் பெயர்த்தெழுதியவளும் தேவிதான். வெளிநாட்டாரோடு அவை உடன்படுமுன் ஏழு நாட்டாரும் ஆளுக்கொரு கேள்வி கேட்கவேண்டும்; கேட்டு முடித்ததும் நடுவே உள்ள ஈரமணல் தட்டில் ஆளுக்கொரு கை பதிக்கவேண்டும். ஏழு கை என்பதே விதி. நாம் விலகியபோது அதை ஆறு என்று மாற்ற அவர்கள் மறந்துபோனார்கள். மாற்றுவதற்கும் ஏழு கை வேண்டும். இதைத் தேவி பணிவாக எடுத்துச் சொன்னாள்.

அவை கலகலத்துப் போயிற்று. ஏழு என்றால் இருப்பவர் எல்லோரும் என்று பொருள் கொள்ளலாம் என்றார் ஒரு விதியறிஞர். ஏழு என்றால் ஏழுதான் என்றார் இன்னொருவர். வங்கனாரின் இடக்கையை ஏழாவதாகக் கொள்ளலாமே என்றார் மூன்றாமவர்; அந்தக் கை எந்த நாட்டுக் கை என்று கேட்டதும் அவர் உட்கார்ந்துவிட்டார்.

“ஏழாவது இருக்கை இன்னும் இங்கதானே இருக்கு. கை பதிக்கிற நேரத்துக்கு நான் அதுல உட்கார்றேன்” என்றாள் தேவி.

“அம்மா, நீங்க வெளியாளு. வெளியாளுக்காகப் பேச வந்த வெளியாளு” என்றார் வங்கனார்.

“அங்க உட்கார்றப்ப உள்ளாளு. இந்தப் பாய்ல உட்கார்றப்ப வெளியாளு. ரெண்டுக்கும் நடுவுல பத்தடி தூரம் இருக்கே, குழம்பிப் போயிடுமா என்ன?”

அப்படி உட்காரக்கூடாது என்று ஒரு விதி உண்டா என உச்சி வெயில் வரை சுவடிகளைப் புரட்டினார்கள். அப்படி ஒருத்தி உட்காருவாள் என்று முன்னோர் எவரும் எண்ணாததால், விதி இல்லை.

வெளியாருக்குரிய பாயில் அமர்ந்து ஆறு நாட்டாரின் கேள்விக்கும் தேவி விடை சொன்னாள். பத்துக்கு மூன்று என்பதில் அவர்கள் அசையவில்லை. பிறகு எழுந்து, பத்தடி நடந்து, ஏழாவது இருக்கையில் அமர்ந்து, எதிரே கிடந்த வெறும் பாயைப் பார்த்துக் கேட்டாள்.

“தேன்வரை நாட்டாரே, பறையடிச்சு விலகினீங்க. பந்தம் பிடிச்சு ஆடினீங்க. உப்பைப் பத்தி ஒருத்தர் யோசிச்சீங்களா? உங்களுக்கு எதுக்கு உப்பு?”

திரும்ப நடந்து பாயில் அமர்ந்து கைகூப்பினாள். “கேக்கிறது நியாயந்தான். எங்ககிட்ட பதில் இல்ல.”

மறுபடி இருக்கைக்கு வந்தாள். “பதில் இல்லாதவங்களுக்கு ஒரு பிடி உப்பும் கூடாது. ஒரு மழைக்காலம் கிடந்து பார்க்கட்டும். என் கை பதியாது.”

அவை திகைத்தது. உடன்பாடு இல்லையென்றால் உப்பு மட்டுமா நிற்கும்? அவர்கள் மரக்கலங்களுக்கு மெழுகு நம் பாறைகளிலிருந்துதான் போகிறது. வங்கனார் எழுந்தே விட்டார்.

“அம்மா, அம்மா, கொஞ்சம் பொறுங்க. துக்க வீட்டுக்காரங்களை இப்படியா பேசறது?”

“யாரு துக்க வீட்டுக்காரங்க?”

“அவங்கதான்” என்று வங்கனார் வெறும் பாயைக் காட்டினார். காட்டிய பிறகுதான் தாம் யாரிடம் சொல்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. கை அப்படியே நின்றுவிட்டது.

அதன்பின் நடந்ததை அரசர் பார்த்திருக்க வேண்டும். ஆறு நாட்டாரும் ஒருவர் மாற்றி ஒருவர் தேன்வரை நாட்டுக்காகப் பரிந்து பேசினார்கள். சுங்கம் மூன்றிலிருந்து இரண்டானது, தேவி மறுத்தாள். ஒன்றானது, தேவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உப்புக்குச் சுங்கமே வேண்டாம் என்றார்கள். மூங்கில் தேன் சந்தைக்கு வரவே கூடாது என்று தேவி இருக்கையில் இருந்தபடி அடித்துப் பேசினாள். பாவம், குழாயின் வாயில் மெழுகு வைத்து அடைத்தால் போதாதா என்று அவர்களே வழி சொன்னார்கள். மிகவும் மனமில்லாதவள் போல, கடைசியில் அவள் ஒப்புக்கொண்டாள்.

சென்ற ஆண்டு அரசர் விலகலுக்குக் கை பதித்த அதே தட்டு. மணல் புதிது. தேவி தன் கையைப் பதித்தாள். மற்றக் கைகளைவிடச் சிறியதாக இருந்தது.

“நாப்பது வருஷமா இந்த அவையில உட்கார்ந்திருக்கேன். தன்னைத்தானே இவ்வளவு திட்டி ஜெயிச்சவங்களைப் பார்த்ததில்ல. எழுந்திரிங்க தாயே, இன்னும் ஒரு நாழிகை போனா பட்டினத்தையே குடுத்துடுவோம்” என்றார் வங்கனார். இளநீரும் கொடுத்தார். அந்த ஒருமுறை மறுப்பதற்காகக் கொடுக்கவில்லை.

இப்போது மூவாயிரம் பொதி உப்பும், அதைச் சுமந்த மாடுகளும், அவற்றை ஓட்டிவந்த உப்பு வணிகரும் நெடுங்கணவாயின் அடியில் நிற்கிறார்கள். கதவு மூடியிருக்கிறது. அம்மான் சொல்லியனுப்பிய சொல்லும் வந்து சேர்ந்தது. “கடற்கரையான் கால் இங்க படக்கூடாது, என் வாயால சொல்ற வரைக்கும் திறக்காதீங்க மாமான்னு என் மருமகன் சொல்லிட்டுப் போனான். அவன் வாய் இன்னும் சொல்லல” என்பது அந்தச் சொல்.

செய்தி கொண்டுவந்த காவலனிடம் தேவி துருவிக் கேட்டாள். அரசர் மறைந்த செய்தி வந்த நாள் முதல் இந்தச் சொல்லைத் தவிர அம்மான் எவரோடும் எதுவும் பேசுவதில்லை; கதவின் முன்னே கட்டிலைப் போட்டு உட்கார்ந்து, தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றான். அந்தக் கதவைத் திறந்துவிட்டால், இனிச் சொல்ல ஆளில்லை என்பது உறுதியாகிவிடும். தேவிக்கு அது புரிகிறது. நாடு முழுவதிலும் அதை விளக்கிச் சொல்ல வேண்டாத ஒருத்தி அவள்தான்.

ஆனால் உப்புப் பொதிக்குமேல் கோரைப்பாய் ஒன்றுதான் கூரை. மேற்கே மேகம் கட்டிவிட்டது. ஒரு நல்ல மழை போதும். மூவாயிரம் பொதியும் ஓடையில் இறங்கி, வந்த வழியே கடலுக்குப் போய்விடும். ஆறு நாட்டாரிடம் வாதாடி வாங்கியதை ஆகாயத்திடம் வாதாடி வாங்க முடியாது. மழைக்காலம் முழுதும் அம்மானும் உப்பில்லாக் கூழைத்தான் குடிக்க நேரும். குடித்துவிட்டு அம்மான் யாரைத் திட்டுவீர்கள் என்பதும் தேவிக்குத் தெரியும்.

ஆதலால் தேன்வரை நாட்டு அரசி கட்டளையிடுவதாவது. இவ்வோலை கண்ட நாழிகையே நெடுங்கணவாய்க் கதவு இரண்டும் திறக்கப்படுக. உப்பு வணிகருக்கு மோரும் மாடுகளுக்குத் தண்ணீரும் தரப்படுக. முதற்பொதி கணவாய்க் காவலருக்கு இறக்கப்படுக. அரசர் ஆணையை மீறியவர் எழினியார் என்று இன்றோ நாளையோ எவரும் நா அசைக்கலாகாது. மீறியவள் குவளைமாதேவி, அதன் பழியும் பயனும் அவளுக்கே உரியன. இது நாட்டுக்கு ஆணை. அம்மானுக்கு மட்டும் வேண்டுகோள்.

பாறையில் தேன் உள்ளவரை இச்சொல் நிற்க.

ஓலைக் கட்டின்மேல் அரக்கு வைத்து அரச முத்திரை இடப்பட்டது. தேவியின் பெயரில் முத்திரை இன்னும் வார்க்கவில்லை. அரக்கில் பதிந்திருப்பது சேந்தவேள் என்ற பெயர்.