என் முகம் பதிவில் இல்லை

மார்ச் 2, திங்கள்

லிப்ட் இன்றும் ஓடவில்லை. அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஒன்பதாவது மாடிக்கு ஏறினேன். படிக்கட்டில் விளக்கு இல்லை, மூத்திர நாற்றம். கீழே மட்டும் புத்தம் புது இரும்பு கேட், பக்கத்தில் கேமரா. நகர நல்வாழ்வு வாரியம் எங்கள் பிளாட் கட்டடம் முழுவதையும் பாதுகாப்பில்லாத ‘மஞ்சள் வட்டாரம்’ என்று அறிவித்து எடுத்துக்கொண்டதாம். குடியிருப்போர் சங்கத்தைக் கலைத்துவிட்டார்கள்.

என் வீட்டுக்காரர் கன்னையாவுக்குச் சந்தோஷம். “இனிமே மோட்டார் சைக்கிள் திருட்டு இருக்காதுலா” என்கிறார். லோரி ஓட்டும் வேலை போனதிலிருந்து வீட்டில்தான் இருக்கிறார். தண்ணீர் சொட்டுச் சொட்டாக வருவது இவர் கண்ணுக்குத் தெரியவில்லையா?

மார்ச் 5, வியாழன்

எல்லோருடைய முகத்தையும் படம் எடுத்தார்கள். இனி முகத்தைக் காட்டினால்தான் கேட் திறக்கும். வாரியத்திலிருந்து வந்தவன் கிஷன், நம் தமிழ்ப் பையன்தான், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. கிள்ளானில் துணிக்கடை வைத்திருக்கும் எதிர்வீட்டு நஜ்முதீன் அண்ணன் கேட்டார்: “தம்பி, லிப்ட்டு எப்ப ஓடும்?”

“அங்கிள், மொதல்ல பாதுகாப்பு. அப்புறம் வசதி.”

சிரித்துக்கொண்டே சொன்னான். அந்தச் சிரிப்பில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மார்ச் 8, ஞாயிறு

குப்பை லோரி வரவில்லை. இன்னும் இரண்டு கேமரா வந்தது.

மார்ச் 11, புதன்

எழுதும்போதே பேனா தாளைக் கிழிக்கிறது. பயமில்லை, கோபம்.

மாடிவரை குவிந்த குப்பையையும் செத்த லிப்ட்டையும் வீடியோ எடுத்துப் போட்டார் நஜ்முதீன் அண்ணன். இன்று கடையடைத்துவிட்டு நோன்பு திறக்க வீட்டுக்கு வந்தால், கேட்டில் சிவப்பு விளக்கு. ‘முகம் பதிவில் இல்லை.’ நான் பிரிக்பீல்ட்ஸ் பார்லரில் வேலை முடிந்து கமுட்டர் ரயிலில் வந்து இறங்கியபோது, அவர் கையில் ஈத்தம்பழப் பையோடு வெளியே நிற்கிறார். உள்ளே அவர் மனைவி ஜுபைதா அக்கா. வெளியே வந்தால் தன் முகமும் அழிந்துவிடுமோ என்று பயந்து, கம்பி வழியாகக் கஞ்சியை நீட்டினார். பாங்கு சொன்னதும் அந்த மனிதர் ரோட்டோரத்தில் நின்றே குடித்தார்.

கேட்டில் காவலுக்கு நின்ற கார்டிடம் கத்தினேன்.

“நான் என்ன பண்றது அக்கா? சிஸ்டம்.”

“சிஸ்டம்னா யாரு? பேரு சொல்லு!”

அவனுக்குத் தெரியவில்லை. யாருக்குமே தெரியவில்லை. அதுதானே இவர்களுடைய கெட்டிக்காரத்தனம்.

மார்ச் 12, வியாழன்

எல்லாக் கதவும் சாத்தியிருக்கிறது. நேற்றுவரை அவர் வீட்டுப் பிரியாணியைச் சாப்பிட்டவர்கள்!

கன்னையா சொல்கிறார்: “நம்ம மூஞ்சிக்குப் பச்ச எரியுதுல்ல? அதோட விடு, அமுதா.”

ஒரு மனுசன் சொல்ற பேச்சா இது? சோற்றைப் போட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச் 16, திங்கள்

லீவு போட்டு வாரிய ஆபீசுக்குப் போனேன். அங்கே நான்கு லிப்ட், நான்கும் ஓடுகின்றன. கிஷன் தண்ணீர் பாட்டில் கொடுத்தான்.

“அப்பீல் போடலாம் ஆன்டி. நீங்க அவருக்கு என்ன சொந்தம்?”

“எதிர்வீடு.”

“அது சொந்தத்துல வராது.”

எனக்குக் காய்ச்சல் வந்தபோது ரசம் வைத்துக் கொடுத்தது அந்த வீடு. வராதாம்!

மார்ச் 21, சனி. நோன்புப் பெருநாள்

தொழுகை முடித்துப் புதுச் சட்டையோடு கேட்டுக்கு வெளியே வந்து நின்றார் நஜ்முதீன் அண்ணன். இந்தப் பத்து நாளும் கடையில்தான் படுக்கை. உள்ளே ஜுபைதா அக்கா ரெண்டாங் கறித் தட்டோடு நின்றார். தட்டு கம்பிக்குள் நுழையவில்லை. சாய்த்துப் பார்த்தார், குழம்பு கையில் வழிந்தது.

போதும் என்று தோன்றியது.

கேமராவுக்கு முகத்தைக் காட்டினேன். பச்சை. கேட் திறந்ததும் நடுவில் போய் நின்றுகொண்டேன். மூட வந்த கதவு தோளில் இடித்துத் திரும்பியது. சைரன் அலறியது.

“உள்ள வாங்கண்ணே!”

“வேணாம்மா, ஒனக்கு வம்பு.”

“உங்க வீடுண்ணே இது! வாங்க!”

வந்தார். கார்டு என் கையைப் பிடித்து இழுத்தான், நான் நகரவில்லை. மாடி மாடியாக எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஒருவரும் இறங்கவில்லை. கன்னையாவும் அங்கேதான் நின்றார்.

அண்ணன் தன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார். மத்தியானம் வாரியத்து ஆட்கள் வந்து அவரைத் திரும்ப வெளியே கொண்டுபோய் விட்டார்கள். தோள் வீங்கியிருக்கிறது. வலிக்கட்டும்.

மார்ச் 22, ஞாயிறு

பாசாருக்குக் காய்கறி வாங்கப் போய்த் திரும்பினேன். சிவப்பு.

கன்னையா என் துணிகளைப் பையில் போட்டு, கேட்டுக்கு மேலாக வீசினார். “நாந்தான் சொன்னேன்ல” என்றார். அழுதுகொண்டே சொன்னார். அழுகையைப் பார்த்தும் எனக்கு இரக்கம் வரவில்லை.

மார்ச் 30, திங்கள்

பார்லர் முதலாளி இராஜம்மா அக்கா கடையின் பின்னறையைக் கொடுத்திருக்கிறார். ஷாம்பு பெட்டிகளுக்கு நடுவே பாய். எந்தக் கதவும் என் முகத்தைக் கேட்பதில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

கன்னையா வந்தார். கார்டு யூனிபார்மில்! எங்கள் பிளாட் கேட்டிலேயே வேலை கொடுத்திருக்கிறார்களாம்.

“கேமரா முன்னால ஒரு மன்னிப்பு சொல்லிரு. ஒன் மூஞ்சிய திரும்பப் போட்டுருவாங்க. கிஷன் சொன்னான்.”

“என்ன தப்பு பண்ணேன்னு மன்னிப்பு?”

“தப்பே பண்ணலன்னாலும் சொல்லலாம்லா. எல்லாரும் சொல்றாங்க.”

“அண்ணன வெளிய நிறுத்துன கேட்டுக்கு நீங்க காவலா? போயிருங்க. வாயில ஏதாச்சும் வந்துரப் போவுது.”

கஸ்டமர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும். தலையைக் குனிந்துகொண்டு போனார். இருபது வருஷம் இந்த மனிதனோடுதான் வாழ்ந்தேனா?

ஏப்ரல் 27, திங்கள்

ஜுபைதா அக்கா போன் செய்தார். குரலை அடக்கிக்கொண்டு சிரிக்கிறார்.

“கன்னையா டூட்டியில மட்டும் கேட்டு ரிப்பேராயிருது. காலையில தெறந்தே கெடக்குது. எங்க வீட்டுக்காரங்க வந்து குளிச்சு, பசியாறிட்டுப் போறாங்க. மூஞ்சி அழிஞ்ச இன்னும் ரெண்டு வீட்டு ஆளுங்களும் வர்றாங்க.”

“அவரு என்ன சொல்றாரு?”

“அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்குவாரு.”

போனை வைத்த பிறகு ஒரு கஸ்டமரின் தலையில் இரண்டு முறை ஷாம்பு போட்டுவிட்டேன்.

மே 6, புதன்

காலையில் கடை திறக்கும்போது வாசலில் கன்னையா. யூனிபார்ம் இல்லை. கையில் பை.

“என் மூஞ்சியும் போச்சு” என்றார்.

தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தேன். மெதுவாக மிச்சத்தையும் சொன்னார். பிளாட் ‘மனிதர் வாழத் தகுதியற்றது’ என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்களாம். இடிக்கப் போகிறார்கள். லிப்ட்டை ஏன் சரி செய்யவில்லை, குப்பையை ஏன் விட்டுவைத்தார்கள் என்று இப்போது புரிகிறது. அழுகவிட்டுவிட்டு, அழுகியதற்கு எங்களையே குற்றம் சொல்கிறார்கள். படுபாவிகள்.

“இன்னும் கோவமா?” என்று கேட்டார்.

“ஆமா. உக்காருங்க.”

உட்கார்ந்தார். தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்:

“நாளைக்கு நஜ்முதீன் அண்ணனயும் கூட்டிக்கிட்டு அங்க போவோமா? கேட்டுக்கு வெளிய நிப்போம்.”

“நின்னு?”

“சும்மா நிப்போம். உள்ள இருக்கறவங்க பாக்கட்டும்.”

நாளைக்கு எனக்கு லீவு வேண்டும் என்று இராஜம்மா அக்காவிடம் சொல்லிவிட்டேன். தானும் வருவதாகச் சொல்கிறார்.