செல்வமேரி அம்மாவின் கல்

ஏற்காடு,
நவம்பர் 3

மரியாதைக்குரிய ரைட்டர் ஐயாவுக்கு, பக்கத்து வீட்டு ஆஸ்மா வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே அத்தா, அம்மா, நான் எல்லோரும் சுகம். உங்கள் இடுப்பு எலும்பு கூடிவிட்டதா? போனில் உங்கள் மகள் ரூபி அக்காவிடம் கேட்டால், பரவாயில்லை என்பதோடு சரி. உங்களிடம் போனைக் கொடுத்தால் கோயம்புத்தூருக்கே கேட்கும்படி அலோ அலோ என்று கத்திவிட்டு வைத்துவிடுகிறீர்கள். உங்களுக்குக் காது போன பிறகு வேலிமேல் சீட்டு நீட்டித்தானே நாம் பேசினோம். நமக்கு எழுத்துதான் தோது.

மழை விடவில்லை. உங்கள் வீட்டில் ஓடு ஒன்று நழுவியதை அத்தா ஏறிச் சரிசெய்தார். இறங்கும்போது வழுக்கி, உங்கள் பக்கத்துக் கட்டிலுக்கு வரப் பார்த்தார்.

ஓட்டைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்க ஆசைதான். ஆனால் சொல்லியாக வேண்டும். நேற்று கல்லறைத் திருநாள். நீங்கள் சொன்னபடி சுண்ணாம்பு வாளி, மெழுகுவர்த்தி, செவ்வந்திப்பூ எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். செல்வமேரி அம்மாவின் இடத்தில் வேறு சிலுவை நின்றது ஐயா.

குழி வெட்டும் குழந்தைவேல் அண்ணனைத் தேடிப் பிடித்தேன். அங்கே இடம் போதாதாம். பதினான்கு வருடம் ஆனால் குடும்பத்தார் எழுதிக் கொடுத்துப் புதுப்பிக்க வேண்டுமாம். "கடுதாசி போட்டாங்க, யாரும் வரலீங்க. எலும்பையெல்லாம் நான்தானுங்க பதனமா எடுத்து மூலைல பொதுக் குழில வெச்சேன்" என்றார்.

அந்தக் கடிதம் என்னிடம்தான் இருந்தது. ஜூன் மாதம் வந்தது. தபாலில் வருவதெல்லாம் பேங்க் விளம்பரம்தான், ரூபி வரும்போது மொத்தமாகக் கொடு என்று எழுதியிருந்தீர்கள். உங்கள்மேல் பழி போடவில்லை. அடுத்தவர் தபாலைப் பிரிக்காத நல்ல பிள்ளை என்று எனக்கு ஒரு பெருமை. பிரிக்காமல் ரஸ்க் டின்னில் அடுக்கி வைத்தேன். நேற்று வீட்டுக்கு ஓடிவந்து பிரித்தேன். கெடு ஆகஸ்டிலேயே முடிந்திருந்தது.

மறுபடி ஓடினேன், சண்டை போடலாம் என்று. புது மேட்டருகே கிளியூரிலிருந்து வந்த ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். அவருடைய பெண் குழந்தை, ஆறு வயது, காய்ச்சலில் போனதாம். அவரிடம் என்ன சண்டை போடுவது? சுற்றி வைத்த கல்லுக்கு அடிக்கச் சுண்ணாம்பு கொஞ்சம் மிச்சம் இருக்குமா என்று கேட்டார். வாளியோடு கொடுத்துவிட்டேன். மெழுகுவர்த்தியையும் பூவையும் பொதுக் குழியருகே வைத்தேன். மழையில் திரி பற்றவே இல்லை. சர்ச் ஆபீசிலும் போய்க் கேட்டேன். வருத்தப்பட்டார்கள், அவ்வளவுதான்.

போன கடிதத்தில், எனக்கு ஒன்று ஆனால் என் செல்வமேரி பக்கத்திலேயே படுக்க வை கண்ணு, ரூபிக்கு வழி தெரியாது என்று எழுதியிருந்தீர்கள். நானும் சரி என்று பதில் போட்டேன். இப்போது எந்த வழியைக் காட்டுவேன்?

அவர்கள் பிடுங்கிய பெயர்க்கல் சுவரோரம் சாய்ந்து கிடந்தது. அத்தாவும் நானும் ஜீப்பில் ஏற்றிவந்தோம். மழையில் கிடக்க வேண்டாம், உள்ளே கொண்டுவா என்று அத்தாதான் சொன்னார். கூடத்தில் வைத்திருக்கிறோம். பொதுக் குழியருகே நட்டுக்கொள்ளலாமாம், நீங்கள் கையெழுத்துப் போட்டால். நடட்டுமா, இங்கேயே இருக்கட்டுமா? திட்டியாவது நாலு வரி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

இரவெல்லாம் அம்மா அந்தக் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். செல்வமேரி அம்மாவின் பெயருக்குக் கீழே பாதிக் கல் வெறுமையாக இருக்கிறது. யாருக்கு விட்டது என்று அம்மா கேட்டார். அந்த இடம் இன்னும் நெடுங்காலம் வெறுமையாகவே இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள்
ஆஸ்மா